25 சென்ட் எதிர்காலம்

நியூயார்க் பத்திரிகைக் கடைகளில் 1926 ஏப்ரல் இதழ்களோடு புதிதாக ஒன்றும் வந்து சேர்ந்தது. அட்டையில் வளையத்தோடு ராட்சத சனிக் கிரகம். கீழே உறைந்த கடல். பனிக்குன்றுகளின் உச்சியில் பாய்மரக் கப்பல்கள் சிக்கி நிற்கின்றன. முன்னால், தோலாடை போர்த்திய மனிதர்கள் சிலர் உல்லாசமாகப் பனியில் சறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். தலைக்கு மேல் சனி வந்து நிற்பதைப் பற்றி அவர்களுக்குத் துளியும் கவலை இல்லை. இதழின் பெயர் 'அமேசிங் ஸ்டோரீஸ்'. பெயரின் முதல் எழுத்து பெரிதாக ஆரம்பித்து, அடுத்தடுத்த எழுத்துகள் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். விலை 25 சென்ட்.

அந்த இதழ் நல்ல நிலையில் கிடைத்தால் இன்று ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்க ஆள் இருக்கிறது. இத்தனைக்கும் உள்ளே புதுக்கதை ஒன்றுகூடக் கிடையாது. ஜூல் வெர்ன், எச்.ஜி.வெல்ஸ், எட்கர் ஆலன் போ என்று அத்தனையும் மறுபிரசுரம். ஆக, காசு கதைக்கு இல்லை. படித்துவிட்டு ரயில் இருக்கையில் விட்டுப் போவதற்காகவே தயாரான ஒரு பொருள் நூறு வருடம் தாக்குப்பிடித்து வந்திருக்கிறதே, அதற்குத்தான். பழைய அறிவியல் புனைகதை இதழ்கள், பேப்பர்பேக் நாவல்கள், அவற்றின் அட்டை ஓவியங்கள் என்று தேடிச் சேர்ப்பவர்களின் உலகமே இந்த முரணின் மேல்தான் நிற்கிறது.

லக்சம்பர்க்கில் பிறந்து 1904-ல் அமெரிக்கா வந்த ஹியூகோ கெர்ன்ஸ்பேக் அடிப்படையில் ரேடியோ உதிரிபாக வியாபாரி. ரேடியோ பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தவர், அதில் இடையிடையே போட்ட விஞ்ஞானக் கதைகளுக்கு வரவேற்பு இருப்பதைப் பார்த்து அவற்றுக்கென்றே தனி இதழ் தொடங்கினார். எழுத்தாளர்களுக்குப் பணம் கொடுப்பதில் மட்டும் கை நீளாது. 1927 செப்டம்பர் இதழில் வந்த 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' கதைக்கு எச்.பி.லவ்கிராஃப்டுக்குக் கிடைத்தது வெறும் 25 டாலர். அதன் பிறகு லவ்கிராஃப்ட் தன் கடிதங்களில் அவரை எலி என்றே குறிப்பிட ஆரம்பித்தார். 1929-ல் நிறுவனம் திவாலாகி அமேசிங் கைமாறியது. அதே வருடம் வேறொரு இதழோடு மனிதர் மறுபடி வந்து நின்றார். இன்று இந்தத் துறையின் பெரிய விருது அவர் பெயரில்தான் இருக்கிறது.

அவர் செய்த ஒரே சரியான முதலீடு என்று நான் நினைப்பது, அட்டை வரைய ஃபிராங்க் ஆர்.பாலைப் பிடித்தது. ஆஸ்திரியாவில் பிறந்த பால் கட்டடக்கலை படித்தவர். அது அட்டைகளில் அப்பட்டமாகத் தெரியும். அடுக்கடுக்கான வான்நகரங்கள், பாலங்கள், பல்சக்கரங்கள், ஆணி ஆணியாக எண்ணிவிடக்கூடிய விண்கலங்கள் எல்லாம் பிரமாதமாக இருக்கும். மனிதர்கள்தான் சுமார். ஒரே முகம், ஒரே விறைப்பு. வேற்றுக்கிரகவாசிகளுக்கு அவர் கொடுத்த உயிர் மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. மஞ்சளும் சிவப்பும் கண்ணை அடிக்கிற அந்த வானங்களுக்குக் காரணம் சிக்கனம். அட்டையை மூன்றே மையில் அச்சிட்டார்கள். நுணுக்கமான சாயலுக்கு இடமில்லாததால், கடையின் எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தாலும் கண்ணில் படுகிற வண்ணம் வந்து சேர்ந்தது.

அட்டையின் வேலையும் அதுதானே. சில சமயம் கதைக்கு முன்பே அட்டை வந்துவிடும். 1926 டிசம்பரில் கெர்ன்ஸ்பேக் ஒரு போட்டி வைத்தார். ஆகாயத்தில் ஒரு கப்பல் தூக்கிச் செல்லப்படுகிற பால் ஓவியத்தை அட்டையில் போட்டு, இதற்கொரு கதை எழுதுங்கள் என்றார். மூன்றாம் பரிசு கிளேர் விங்கர் ஹாரிஸுக்கு. அறிவியல் புனைகதை இதழ்களில் தன் சொந்தப் பெயரிலேயே எழுதிய முதல் பெண்களில் ஒருவர். அவர் கதை 1927 ஜூன் இதழில் வந்தது.

சேகரிப்பாளர்கள் புதிதாக வருகிறவரைச் சோதிக்க விரும்பினால் 1928 ஆகஸ்ட் அமேசிங்கைக் காட்டுவார்கள். சிவப்பு உடையில் ஒருவர் ஏதோ கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு காற்றில் பறக்கிறார். கீழே ஒரு பெண் கையசைக்கிறாள். விண்வெளி நாயகன் பக் ராஜர்ஸ் முதன்முதலில் தலைகாட்டிய கதை அந்த இதழில்தான் இருக்கிறது. அதனால் பறப்பவர் பக் ராஜர்ஸ் என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். இல்லை. அது ஈ.ஈ.ஸ்மித்தின் 'தி ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்' தொடர்கதைக்கான படம். ஏல அறிவிப்புகளில்கூட இந்தக் குழப்பம் வரும், விலையை ஏற்றிவிட வசதியாக.

வாசகர்கள் யார்? பெரும்பாலும் பள்ளிக்கூடப் பையன்கள். புரூக்லினில் ஐசக் அசிமோவின் அப்பா வைத்திருந்த மிட்டாய்க் கடையில் பத்திரிகைகளும் தொங்கும். பின்னால் எழுத்தாளரான அசிமோவ் அங்கே வளர்ந்தவர். இந்தக் குப்பையைத் தொடாதே என்பது அப்பாவின் உத்தரவு. 1929-ல் கெர்ன்ஸ்பேக்கின் புது இதழ் 'சயின்ஸ் ஒண்டர் ஸ்டோரீஸ்' வந்ததும், ஒன்பது வயதுப் பையன் அட்டையைக் காட்டி, அப்பா, இதில் சயின்ஸ் இருக்கிறது என்றான். அப்பா மசிந்தார். ஆனால் ஒரு நிபந்தனை: படித்த தடம் தெரியாமல் இதழைத் திரும்ப மாட்டிவிட வேண்டும், அது விற்க வேண்டிய சரக்கு. மடிக்காமல், முதுகு உடையாமல், கைரேகை படாமல் படிக்கப் பழகிய அந்தப் பையனின் கைகளைத்தான் இன்றைய சேகரிப்பாளர்கள் பொறாமையோடு நினைத்துக்கொள்கிறார்கள்.

வாசகர் கடிதப் பகுதியில் எழுதியவரின் முழு முகவரியையும் கெர்ன்ஸ்பேக் அச்சிட்டார். விளைவு அவரே எதிர்பார்க்காதது. ஒரு ஊர்ப் பையன் இன்னொரு ஊர்ப் பையனுக்கு நேரடியாகக் கடிதம் போட்டான். சங்கங்கள் முளைத்தன, கையெழுத்துப் பிரதிபோல உருட்டச்சில் ரசிகர் இதழ்கள் வந்தன. கிளீவ்லண்டைச் சேர்ந்த ஜெர்ரி சீகல் என்ற பையன் அப்படி நடத்திய ஒன்றில்தான் 1933-ல் சூப்பர்மேன் என்ற பெயர், இன்று நாம் அறிந்த வீரனாக இல்லாமல் ஒரு வில்லனாக, ஜோ ஷஸ்டர் வரைந்த படத்தோடு வந்தது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் உலக மாநாடு கூடியது. வந்தவர்கள் சுமார் 200 பேர். சிறப்பு விருந்தினர் எழுத்தாளர் இல்லை, ஓவியர் பால்! அரசியல் தகராறில் ஆறு பேரை வாசலிலேயே மறித்து அனுப்பிவிட்டார்கள். அதில் டொனால்ட் வால்ஹைம் ஒருவர். அவர் பின்னால் என்ன செய்தார் என்பதற்கு வருவோம்.

காகிதத்தோடு சண்டை

ஒரு முப்பதுகளின் இதழைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது அதன் விளிம்பு. உட்பக்கங்களைச் சீராக வெட்டியிருக்க மாட்டார்கள், சொரசொரவென்று இருக்கும். அட்டை மட்டும் வழவழப்பான பூச்சுக் காகிதம், உள்பக்கத்தைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்டல்தான் முதலில் மடிந்து, கிழிந்து, உதிரும். பிரித்தால் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுப்பு பரவியிருப்பது தெரியும். நடுப்பகுதி இன்னும் வெளிறிய நிறத்தில் இருக்கும். பக்கத்தைச் சாதாரணமாகத் திருப்பினால் மூலை அப்பளமாக நொறுங்கிக் கையோடு வரும். பல்ப் இதழ் வாங்கிப் பார்த்த மேஜையைத் துடைக்காமல் யாரும் எழுந்ததில்லை.

காரணம் கூழிலேயே இருக்கிறது. மரத்தை அப்படியே அரைத்துச் செய்த மலிவான கூழ்க் காகிதம் அது. இந்த இதழ்களுக்கு பல்ப் என்று பெயர் வந்ததே அதனால்தான். மரத்தின் லிக்னின் அதிலேயே தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் பழுப்பாகும். மை பரவாமல் இருக்க மரப்பிசினோடு படிகாரம் சேர்ப்பார்கள். படிகாரம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தைக் கிளப்பும், அமிலம் காகிதத்தின் நார்களை உள்ளிருந்தே துண்டு துண்டாக அறுக்கும். பூட்டி வைத்தாலும் இது நிற்காது, வேகம்தான் குறையும். அதனால் சேகரிப்பாளர் பேச்சில் பாதி வேதியியல்: அமிலமற்ற அட்டை, மைலார் உறை, குளிர்ந்த உலர்ந்த அறை, வெயில் படாத அலமாரி. செங்குத்தாக நிறுத்துவதா படுக்க வைப்பதா என்று ஆரம்பித்தால் இரவு முடிந்துவிடும்.

காகிதம் விட்டுவைத்ததில் ஒரு பங்கை யுத்தம் கொண்டுபோனது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கா முழுக்கப் பழைய காகிதம் திரட்டினார்கள். பையன்கள் தெருத்தெருவாக வண்டி இழுத்துக்கொண்டு போய் வீட்டுப் பரணில் இருந்ததை எல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள். தேசபக்தியோடு கூழானவை எத்தனை அபூர்வ இதழ்கள் என்பதை நினைத்தால் சேகரிப்பாளருக்கு வயிறு எரியும். விற்காத பிரதிகளின் அட்டையை மட்டும் கிழித்து அனுப்பிக் கணக்கு நேர் செய்கிற கடைப் பழக்கம் வேறு. பழைய புத்தகக் கடைகளில் அட்டையில்லாப் பிரதிகள் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். படிப்பவருக்கு அது முழு இதழ். சேர்ப்பவருக்கு அது பிணம்.

அலமாரியை அழகாக வைக்க நினைப்பவரைச் சோதிப்பதற்கென்றே 'அஸ்டவுண்டிங்' வந்தது. 1930 ஜனவரியில் 20 சென்ட் விலையில் பல்ப் அளவில் தொடக்கம். 1942 ஜனவரியில் திடீரென்று பெரிய அளவு. 1943 மே மாதம் மறுபடி பல்ப் அளவு. அதே வருடம் நவம்பரிலிருந்து கைக்கடக்கமான டைஜஸ்ட். 1960-ல் பெயரே 'அனலாக்' என்று மாறியது. முழுத் தொகுப்பு வைத்திருப்பவர் வீட்டில் அந்தப் பெரிய அளவு இதழ்களுக்கு மட்டும் தனித் தட்டு. ஆனால் ஜான் டபிள்யூ.கேம்ப்பெல் ஆசிரியராக இருந்த அந்தக் காலத்தை யாரும் விட மாட்டார்கள். 1939 ஜூலை இதழில் ஏ.ஈ.வான் வோட்டின் முதல் அறிவியல் கதை, அடுத்த மாதமே ராபர்ட் ஹைன்லைனின் முதல் கதை. 1944 மார்ச்சில் வந்த கிளீவ் கார்ட்மில் கதை ஒன்றில் அணுகுண்டு விவரம் அவ்வளவு பொருத்தமாக இருந்ததால், ரகசியம் கசிந்துவிட்டதோ என்று விசாரணை அதிகாரிகள் கேம்ப்பெல் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். அட்டை ரொம்பச் சுமார். ஆனாலும் அந்த இதழுக்கு எப்போதும் கிராக்கி.

சேர்த்தவர்கள்

இங்கிலாந்தில் சாமர்செட் கடற்கரை ஊரான மைன்ஹெட்டில் வளர்ந்த ஆர்தர் சி.கிளார்க்குக்கு அமெரிக்க இதழ்கள் கிடைத்த வழி வேடிக்கையானது. விற்காத பிரதிகளைக் கப்பல்களில் அடிப்பாரமாகப் போட்டு அனுப்புவார்கள் என்பது அந்தக் காலத்துப் பேச்சு. எப்படி வந்ததோ, வூல்வொர்த் கடையில் மூன்று பென்ஸுக்குக் குவித்து வைத்திருப்பார்கள். கிளார்க் சிறுவயதில் பார்த்து மயங்கியது 1928 நவம்பர் அமேசிங். பால் வரைந்த வியாழன் கிரகம், அதன் மேகச் சுழல்களோடு. 1979-ல் வாயேஜர் விண்கலம் அனுப்பிய படங்களைப் பார்த்தபோது அந்த அட்டைதான் அவருக்கு நினைவு வந்தது. அன்றைய தொலைநோக்கிகளில் தெரியாத சுழிப்புகளை பால் எப்படிப் போட்டார் என்று வியந்தார். 1956-லிருந்து இலங்கையில் வாழ்ந்த கிளார்க், 1989-ல் தன் சுயசரிதையையே அஸ்டவுண்டிங் இதழ்களைப் புரட்டிக்கொண்டு போகிற வடிவில்தான் எழுதினார். வாழ்க்கைக் குறிப்புக்கு நாட்குறிப்பு தேவைப்படவில்லை, பழைய இதழ்களே போதுமாக இருந்தன.

சேகரிப்பு ஆளையே விழுங்கிவிடும் என்பதற்கு உதாரணம் ஃபாரஸ்ட் ஜே அக்கர்மன். ஒன்பது வயதில், 1926 அக்டோபர் அமேசிங்கில் ஆரம்பித்தவர். 1939 மாநாட்டுக்கு எதிர்கால மனிதனைப்போல உடை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். அதைத் தைத்துக் கொடுத்தவர் மிர்ட்டில் டக்ளஸ். இன்றைய காஸ்பிளே கூட்டத்துக்கெல்லாம் இவர்கள் இருவரும்தான் மூத்த குடி. லாஸ் ஏஞ்சலீஸில் அக்கர்மனின் 18 அறை வீடு முழுக்கப் புத்தகம், இதழ், சினிமா முகமூடி, ஓவியம். மொத்தம் 3 லட்சம் உருப்படி என்பார்கள். முன்பின் தெரியாத ரசிகர்களை வீட்டுக்குள் விட்டு, தானே கூட்டிப் போய்க் காட்டுவார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அருங்காட்சியகமாக வைக்க வேண்டும் என்று காலமெல்லாம் ஆசைப்பட்டார். யாரும் முன்வரவில்லை. கடைசிக் காலத்தில் உடல்நலமும் வழக்குச் செலவும் நெருக்க, கொஞ்சம் கொஞ்சமாக விற்றுச் சிறிய வீட்டுக்குப் போனார். 2008 டிசம்பரில் காலமானார். மிச்சம் இருந்தது அடுத்த வருடம் ஏலத்தில் சிதறியது.

நிறுவனங்கள் கையில் போனவை பிழைத்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகம் 1969-ல் லாய்ட் ஈட்டன் என்ற மருத்துவரின் 7,500 நூல்களை வாங்கியது. இன்று அது உலகின் மிகப்பெரிய அறிவியல் புனைகதைத் தொகுப்புகளில் ஒன்று. எழுத்தாளர் ஜூடித் மெரில் 1970-ல் தன் சொந்தச் சேகரிப்பை டொராண்டோ பொது நூலகத்துக்குக் கொடுத்தார். யார் வேண்டுமானாலும் போய்க் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

தலைகீழ்ப் புத்தகம்

மாநாட்டு வாசலில் மறிக்கப்பட்ட வால்ஹைம் 1952-ல் ஏஸ் புக்ஸில் ஆசிரியராக உட்கார்ந்தார். அங்கே 'ஏஸ் டபுள்' பிறந்தது. 35 சென்ட்டுக்கு இரண்டு நாவல். ஒரு பக்கம் ஒரு அட்டை. முதல் நாவலை முடித்துப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினால் இன்னொரு அட்டை, இன்னொரு நாவல். பின்னட்டை என்று ஒன்றே கிடையாது. சேர்ப்பவருக்கு இதைவிட வதை வேறில்லை, இரண்டு அட்டையும் நன்றாக இருந்தால்தான் பிரதி தேறும். எந்தப் பக்கம் வைத்தாலும் மேஜையின் அழுக்கு ஒரு அட்டைக்கு நிச்சயம்.

ஃபிலிப் கே.டிக்கின் முதல் நாவல் 'சோலார் லாட்டரி' 1955-ல் இப்படித்தான் வந்தது, லீ பிராக்கெட்டின் நாவலோடு முதுகு ஒட்டி. எண் டி-103. அந்த எழுத்துகளுக்கு அர்த்தம் உண்டு: டி என்றால் 35 சென்ட், எஃப் 40, எம் 45, ஜி 50. பழகியவர் முதுகைப் பார்த்தே வருடத்தையும் விலையையும் சொல்லிவிடுவார். வாழும்போது பணத்துக்குத் திண்டாடிய டிக்கின் இந்த மலிவுப் பிரதிகள் இப்போது போகிற விலையைப் பார்த்தால் அவரே ஒரு கதை எழுதியிருப்பார்.

பேப்பர்பேக்கில் எனக்குப் பிடித்தது பாலன்டைன் நிறுவனத்துக்காக ரிச்சர்ட் பவர்ஸ் வரைந்தவை. ராக்கெட்டும் கிடையாது, கண்ணாடித் தொப்பி போட்ட வீரனும் கிடையாது. உருகி வழிகிற, பெயரில்லாத வடிவங்கள். கிளார்க்கின் 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' 1953-ல் அவர் அட்டையோடு வந்தது. அதே வருடம் அதே நிறுவனம் ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' நாவலில் சுமார் 200 பிரதிகளுக்கு மட்டும் கல்நார் அட்டை போட்டுக் கையெழுத்தோடு விற்றது. புத்தகம் எரிக்கிற கதைக்கு எரியாத அட்டை. இன்று பல ஆயிரம் டாலர். கல்நார் உடம்புக்கு ஆகாது என்று தெரிந்த பிறகும் விலை குறையவில்லை.

அச்சான அட்டை இவ்வளவு என்றால், அதற்கு வரைந்த அசல் ஓவியம்? அந்தக் காலத்தில் அதற்கு மதிப்பே இல்லை. அச்சு முடிந்ததும் பதிப்பகத்துக்கு அது இடத்தை அடைக்கிற சாமான். எறிந்தது, ஒன்றின் மேல் ஒன்று வரைந்தது, மாநாட்டு ஏலத்தில் சில டாலருக்குத் தள்ளியது என்று போனது போக எஞ்சியவை கொஞ்சம்தான். 'வியர்ட் டேல்ஸ்' இதழுக்கு 1932-லிருந்து 66 அட்டைகள் வரைந்த மார்கரெட் பிரண்டேஜ் பாஸ்டல் சுண்ணத்தில் வரைந்தவர். கை பட்டால் கலையும். இதழ் 1938-ல் நியூயார்க் போனதும் சிகாகோவிலிருந்து அவற்றைப் பத்திரமாக அனுப்புவதே பாடாகி, வாய்ப்பு குறைந்தது. இதற்கு நேர் எதிர் ஃபிராங்க் ஃபிராசெட்டா. அசலைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று பதிப்பகங்களிடம் அடம்பிடித்தவர். அவருடைய 'எகிப்தியன் குவீன்', 1969-ல் ஒரு திகில் இதழின் அட்டைக்கு வரைந்தது, 2019-ல் 54 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இந்தப் பணம் வந்த பிறகு ஒரு புதுப் பழக்கமும் வந்திருக்கிறது. இதழை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் நிரந்தரமாக அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். காமிக்ஸில் ஆரம்பித்தது பல்ப் வரை வந்துவிட்டது. போலியும் ஒட்டுவேலையும் பிடிபடும் என்பது அதன் நியாயம். எனக்கு ஒப்பவில்லை. வாசகர் கடிதங்கள், ரேடியோ பழுதுபார்க்கத் தபாலில் கற்றுத்தரும் விளம்பரம், நோஞ்சானைப் பயில்வானாக்கும் விளம்பரம், அடுத்த மாதம் இன்ன கதை வரும் என்ற ஆசிரியரின் ஆசைகாட்டல் எல்லாம் உள்ளே இருக்க, அட்டையை மட்டும் பிளாஸ்டிக் வழியாகப் பார்ப்பதற்கு ஒரு நல்ல அச்சுப்படம் போதும். ஸ்கேன் செய்த பிரதிகள் இணையத்தில் குவிந்து கிடப்பதால் படிப்பதற்கு அசல் வேண்டியதில்லைதான். ஆனால் எதிர்காலம் என்று அன்றைய பையன் கையில் என்ன வந்து விழுந்தது, எவ்வளவு கனம், எந்த விளம்பரத்துக்குப் பக்கத்தில் வந்தது என்பதெல்லாம் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆரம்பிக்க நினைப்பவருக்கு முப்பதுகள் வேண்டாம், கட்டுப்படியாகாது. ஐம்பதுகளின் டைஜஸ்ட் இதழ்களில் தொடங்கலாம். காகிதம் அவ்வளவு மோசமில்லை, அலமாரியிலும் ஒரே அளவாக நிற்கும். 'கேலக்ஸி', 'அஸ்டவுண்டிங்' எல்லாம் இன்றும் சில டாலருக்குக் கிடைக்கின்றன. ஒன்றே ஒன்று தவிர. 1953 அக்டோபர் அஸ்டவுண்டிங். கெல்லி ஃப்ரீஸ் வரைந்த ராட்சத ரோபோ ஒன்று, செத்துக்கொண்டிருக்கும் மனிதனைக் கையில் ஏந்தி, தெரியாமல் உடைத்துவிட்ட குழந்தையின் முகத்தோடு நம்மைப் பார்க்கும். குவீன் இசைக்குழுவின் டிரம்மர் ரோஜர் டெய்லரிடம் இந்த இதழ் இருந்தது. 1977-ல் 'நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்' இசைத்தட்டு உறைக்கு அதே ரோபோவை, இந்த முறை இசைக்குழுவினரைக் கையில் ஏந்தி நிற்பதாக, ஃப்ரீஸே திரும்ப வரைந்து கொடுத்தார். அன்றிலிருந்து அந்த ஒரு இதழுக்கு ராக் ரசிகர்களும் போட்டிக்கு வருகிறார்கள். விலை அதற்கேற்ப.